இரண்டு முறை இழுத்தால் இறங்க வேண்டும்

ஜூன் 4

மேல்மாடிக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, துணைக்குத்தான் அது இருக்கிறதே.

போனில் பேசேன் என்று தங்கை சொல்கிறாள். போனில் நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது. உங்களுக்குக் கேட்கிற மாதிரி பேசினால் இந்த அடுக்குமாடி முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நடுவில் புகுந்து, "அதில்லடி, அந்த என்ஜின் என்னன்னா..." என்று நீங்கள் ஆரம்பிக்க முடியாது.

ஓய்வு பெற்ற விமானிகள் வீட்டில் ஏதாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது உண்டு. படம் மாட்டுவார்கள். தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். நீங்கள் ஓட்டிய முழு ஹெலிகாப்டரையே, பூசணி என்று செல்லப்பெயர் வைத்த அதையே, பழைய இரும்புக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து நம் தோட்டத்தில் நிறுத்தினீர்கள். அதை இறக்க வந்த கிரேன் என் எலுமிச்சை மரத்தை முறித்துப் போட்டது. பொறுத்துக்கொண்டேன். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து அதன் வாலைத் தாங்கிக் கட்டினீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஓடாத வண்டி, ஆனாலும் எண்ணெய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை மிதித்த காலோடு நீங்களும் உங்கள் கிரீஸும் வீட்டுக்குள் நடந்தீர்கள். மெக்கானிக்குக் கிரீஸ் என்று பட்டப்பெயர் வைத்தது சரிதான், ஆனால் அதைத் தரையில் எழுதிக் காட்ட வேண்டுமா? கழுவிக்கொண்டே இருந்தேன்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது இதற்கெல்லாம் இல்லை. நீங்கள் கேட்கிறவர்களிடம் எலுமிச்சை மரத்துக்காக என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதனால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டரைப் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, "மேல பைலட் உக்காருவார், சரி. கீழ இந்த ரூம்ல யார் சார் இருப்பாங்க?" என்று கேட்டார். "கீழ யாருமில்லம்மா. சரக்கு. மூட்டை, பெட்டி, ஸ்ட்ரெச்சர், அந்த மாதிரி" என்றீர்கள். உங்கள் பக்கத்தில் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்த சரக்கு நான்தான். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உங்கள் சட்டையை இரண்டு முறை இழுத்தேன். ஒரு முறை இழுத்தால் மெதுவாக, இரண்டு முறை இழுத்தால் இறங்க வேண்டும். இந்தக் கணக்கு நமக்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ளது. எத்தனையோ வீட்டு விசேஷத்தில் உங்கள் பேச்சை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் தோளை உதறிவிட்டு, கார்புரேட்டரைப் பற்றித் தொடர்ந்தீர்கள்.

அந்தப் பூசணி தோட்டத்தை விட்டுப் போகட்டும். அப்புறம் வருகிறேன். அதுவரை தங்கை வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
சரக்கு


ஜூன் 11

மேட்ரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முத்திரை குத்தாத குறையாக ஆர்டர் போட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை.

சட்டையை இழுத்தாயா? சத்தியமாகத் தெரியாது. ஏதோ பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அதற்குப் போய் ஊரைவிட்டே கிளம்புவதா? சரக்கு என்றது உன்னை இல்லை. வண்டியின் குறிப்பேட்டில் அந்த அறைக்குச் சரக்கறை என்றுதான் பெயர் போட்டிருக்கிறது. நான் என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

இங்கே எல்லாம் தாறுமாறாக இருக்கிறது. சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று ஒரு சீட்டாவது ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு நாள் உப்புப் போட்ட டீ குடித்தேன். கிரீஸ் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார்" என்றான். அவனுக்கு நாக்கு செத்துப் பல வருஷமாகிறது.

இனி நல்ல செய்தி. நீ கேட்டதே நடக்கப்போகிறது. ராணுவ அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்திருந்தார். பூசணியைத் தலைமை வாசலுக்குள், கூரைக்கு அடியில், விளக்கெல்லாம் போட்டு வைக்கிறார்களாம். ஒரே நிபந்தனை. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பின்னால் யாரும் ஒட்டியது, வெட்டியது, துளைத்தது எதுவும் கூடாது. அடுத்த மாதம் பரிசோதிக்க வருகிறார்கள். தேறிவிட்டால் உடனே லாரியில் ஏற்றிவிடுவார்கள். உன் தோட்டம் உனக்கு.

நீ பக்கத்தில் இல்லாதபோது என்ஜினை எழுப்பினோம். ஏன் சொல்கிறேன் என்றால் வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லை. மூக்கில் உள்ள இரண்டு கதவுகளையும் அலமாரி மாதிரி திறந்துவைத்தோம். நெடுநாள் நின்ற என்ஜின், கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அவசரப்பட்டால் உள்ளேயே எதுவாவது ஒடிந்துவிடும். முதலில் மெல்லச் சுற்றிக் கொடுத்தோம். பிறகு ஸ்டார்ட்டர். இருமிற்று. தும்மிற்று. ஒரு சிலிண்டர் எழுந்தது, இன்னொன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. கிரீஸ் தீயணைக்கும் உருளையோடு நின்றான். தோட்டம் முழுக்க வெள்ளைப் புகை. பிறகு எல்லாச் சிலிண்டரும் சேர்ந்துகொண்டன பார், எனக்குக் காது கேட்டது! வெளிச் சத்தம் எதுவும் சரியாகக் கேட்காத இந்தக் காதுக்கு அது மட்டும் ஒவ்வொரு அடியாகக் கேட்டது.

இப்போது வருகிற டர்பைன் வண்டியெல்லாம் பொத்தானை அழுத்தினால் விசில் அடித்துக்கொண்டு கிளம்பிவிடும். இதில் அப்படியா? இடது கையால் நெம்புகோலைத் தூக்கும்போதே அதே கையால் பிடியை முறுக்கிப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூக்கு திரும்பும், அதைக் காலால் பிடிக்க வேண்டும். காலால் மிதித்தால் மறுபடி கைக்கு வேலை. வெயில் நாளில் நின்ற இடத்திலிருந்து எழாது. விமானம் மாதிரி தரையில் உருட்டிக்கொண்டு ஓடினால்தான் எழும். அதை ஓட்டுவது என்றால் நாள் பூராவும் அதைத் தாஜா செய்வதுதான். ஆனால் அது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

அடுத்த மாதம் வந்துவிடு.

உன்,
கேப்டன்


ஜூன் 17

கேப்டனுக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டரைப் பக்கம் என்ஜின். சட்டையை இழுத்ததற்கு ஒரே வரி, அதிலும் நான் பூச்சி. இதை வாசித்துக் காட்டியதும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் சகலை பேப்பருக்குப் பின்னால் சிரித்தார், பேப்பர் ஆடிற்று. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தாஜா செய்வதாம். அந்த மணிக்கட்டு இன்னும் மறக்கவில்லையே! டீக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் இடது கையை முறுக்குகிறீர்கள், மேஜைத் துணியெல்லாம் டீ. பெட்ரோல் கொடுக்கிறீர்களாக்கும்.

பூசணியை உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு. உங்களுக்குத் தெரிந்தது மேல் அறை. கண்ணாடி, காற்று, மலை, மேகம். கீழ் அறை எனக்குத்தான் தெரியும். சன்னல் என்று சொல்ல ஒன்றிரண்டு ஓட்டை. பெட்ரோல் நெடி. ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சர்கள், நடுவில் நான். சொட்டு மருந்துப் பாட்டிலைக் கொக்கியில் மாட்டினால் அது ஆடுகிற ஆட்டத்தில் ஊசி கழன்றுவிடும், அதனால் அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வேன். பாட்டிலில் உள்ள தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். உங்களில் எனக்குத் தெரிந்தது இரண்டு ஷூக்கள் மட்டும்தான். மேல் அறையும் கீழ் அறையும் சேருகிற சந்து வழியாகப் பெடல்மேல் அவை தெரியும். முகத்தைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே உங்கள் ஷூவை எனக்குத் தெரியும். இடது ஷூவின் குதிகால் தேய்ந்திருந்தது. இந்த ஆளுக்கு ஷூ தைக்கக்கூட யாரும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கீழே இருந்த பேச்சுக் கருவி உடைந்துபோனது, புதிது வரவே இல்லை. அதனால்தான் அந்தக் கயிறு. பேண்டேஜ் துணியை முறுக்கிக் கயிறாக்கி, உங்கள் இடது கணுக்காலில் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு முறை இழுத்தால் மெதுவாக. இரண்டு முறை என்றால் இறங்க வேண்டும்.

ஆற்றுப் பாலம் இடிந்த அன்று ஏற்றி வந்த ஆளை நினைவிருக்கிறதா? உங்களுக்கு எப்படி இருக்கும், நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் முகம் நிறம் மாறிற்று. நாடியைப் பிடித்தேன். அந்த அதிர்வில் நாடி எங்கே தெரியும்? தரை துடிக்கிறது, ஸ்ட்ரெச்சர் துடிக்கிறது, என் விரல் துடிக்கிறது. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை இழுத்தேன். கீழே ஒரு பள்ளிக்கூட மைதானம். சுற்றுக்கூட அடிக்காமல் நேராக இறக்கினீர்கள். என்ஜினைத் தணித்ததும் நாடி கிடைத்தது. நூல் மாதிரி, ஆனால் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர் பிழைத்து, பின்னாளில் குச்சி ஊன்றிக்கொண்டு வார்டை விட்டு நடந்தே போனார்.

நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. எத்தனையோ பைலட்டுகளோடு பறந்திருக்கிறேன். பாதிப் பேர், "என்ன சிஸ்டர், சும்மா சும்மா இழுக்கறீங்க" என்பார்கள். இழுத்ததும் இறங்கிய ஒரே ஆள் நீங்கள். அதற்காகத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். உங்கள் மீசைக்காக என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் பாடு.

அந்த மனுஷன்தான் அந்த ஞாயிறு தோளை உதறினார். இப்போதாவது விளங்குகிறதா?

மேட்ரன்


ஜூன் 25

அன்புள்ள மேட்ரனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மீசை விஷயம் மனதைப் புண்படுத்தியது. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

அந்தப் பள்ளிக்கூட மைதானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம் கொடிக்கம்பம், இன்னொரு பக்கம் மின்கம்பி. இரண்டுக்கும் நடுவில் பூசணியைச் செருகினேன். அதை இன்றைக்கு எந்தப் பையனாவது செய்வானா? செய்யமாட்டான். கயிறும் நினைவிருக்கிறது. பெடல் பக்கத்துச் சந்து வழியாக வரும். ஒரு தடவை அது பெடலில் சுற்றிக்கொண்டு இழுத்தது. நீதான் இழுத்தாய் என்று ஆட்டுமந்தைக்கு நடுவில் இறங்கினேன். ஆடு மேய்த்தவர் என்னைத் திட்டிய திட்டு என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிவிட்டேன். வார்த்தை எனக்கு இவ்வளவுதான் வரும். இந்தத் தடவை செய்து காட்டுகிறேன். பூசணியை அனுப்பிவிட்டு உன்னைக் கூட்டி வருகிறேன். நானும் கிரீஸும் மாடு மாதிரி உழைக்கிறோம்.

நீ வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவாய். குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகச் சரிபார்க்கிறோம். பின்னால் யாரோ போட்ட பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டி, அடியில் இருந்த பழைய பச்சைக்கே வந்துவிட்டோம். கதவுச் சட்டத்தில் யாரோ அடித்த ஆணியைப் பிடுங்கினோம். இதைக் கேள், மேல் அறையில் என் இடது குதிகால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு துளை! குறிப்பேட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எந்தக் கழுதையோ துரப்பணத்தை வைத்துத் துளைத்திருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் வளையம் வேறு, கல்லாக இறுகிப்போய். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, தகட்டை வெட்டி, அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தாயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் துளை இருந்ததே தெரியாது. இந்த வேலையில் இதுவரை நான் செய்ததிலேயே நேர்த்தியானது அதுதான்.

கிரீஸுக்கு அன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது. "சார், அத விட்ருங்களேன்" என்றான். ஏனடா என்றால் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். அடைக்கிற வேலையை நானேதான் செய்தேன். டீயும் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டான். டீயில் அன்றைக்குச் சர்க்கரைதான் போட்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரிசோதனை. சனிக்கிழமை லாரி. ஞாயிற்றுக்கிழமை நீ.

உன்,
கேப்டன்


ஜூன் 29

அந்தக் கழுதை நான்தான்.

ஆட்டுமந்தைக்கு நடுவில் இறங்கினீர்களே, அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் ஒரு பிரசவக் கேஸ் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கயிறு இனி பெடலில் சிக்கவே கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். ராணுவ வண்டியில் துளை போடப் பெரிய அதிகாரி கையெழுத்து வேண்டும். கேட்டால் கிடைக்காது. நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது கிரீஸிடம் கேட்டேன். அவன் துரப்பணத்தைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து நின்றான். துளை போட்டது நான். தகட்டு விளிம்பு கயிற்றை அறுக்குமே என்று, சலைன் பாட்டிலின் ரப்பர் மூடியைச் சின்ன அறுவைக் கத்தியால் வட்டமாக வெட்டி உள்ளே பொருத்தினேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கிரீஸிடம் சத்தியம் வாங்கினேன். சொன்னால் அவன் வேலை போய்விடும் என்பதற்காக. அந்த மடையன் இன்னும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

அந்த மைதானத்தில் நான் இழுத்த கயிறு அந்தத் துளை வழியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இழுப்பும் அப்படித்தான். உங்கள் குதிகாலுக்குப் பக்கத்தில், இவ்வளவு காலமும். நீங்கள் ஒரு நாள் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

பூசணியில் நான் இருந்தேன் என்பதற்கு அந்த ஒன்றுதான் அடையாளம். என் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பறந்தவர்கள் பட்டியலில் பைலட், துணை பைலட், அவ்வளவுதான். அதை நீங்களே பூதக்கண்ணாடிக்கும் தெரியாதபடி அடைத்து, பெயின்ட் அடித்து, நேர்த்தி என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

நல்லது. சுத்தமாக இருக்கிறது. கீழே யாருமே இல்லை. சரக்குதான்.

அனுப்பிவிடுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டாம். அது போனாலும் நான் வருவேனா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது. இந்த வயதில் ஒரு ரப்பர் வளையத்துக்காக அழுகிறாயே என்று தங்கை கேட்கிறாள்.


ஜூலை 5

நேற்று பரிசோதனை முடிந்தது. பூசணி போகவில்லை. இங்கேயேதான் நிற்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிரீஸ் வீட்டுக்குப் போனேன். "ஏண்டா, வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அவன் நிதானமாக, "சிஸ்டர் சொல்லக்கூடாதுன்னாங்க சார்" என்றான். "அது அப்போடா!" "எப்ப வரைக்கும்னு சிஸ்டர் சொல்லலையே சார்." நான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் குப்பை கொட்டினேனோ! அப்புறம் உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வந்தான். அந்த ரப்பர் வளையம். நான் எறிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிறான். வளையத்தில் ஒரு ஓரம் வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. கயிறு ஓடிய இடம்.

மறுநாள் கிரீஸை மேலே உட்காரச் சொன்னேன். நான் கீழ் அறைக்குப் போனேன். நம்புவாயா, பூசணியின் கீழ் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுத்தம் செய்ய நுழைந்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் என்ஜினைக் கிளப்பினான். விசிறி சுற்றவில்லை, வெறும் என்ஜின் மட்டும்தான். அதற்கே பல் கிடுகிடுத்தது. நான் போற்றிப் போற்றி எழுதினேனே அந்தச் சத்தம், மேலே அது பாட்டு. கீழே அது உலக்கை. ஒன்றுமே தெரியவில்லை. கிரீஸின் செருப்பு தெரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கிடைக்கவில்லை. பயமாகிவிட்டது. அப்போது அவனைக் கூப்பிட எனக்கு ஒரு வழியும் இல்லை. கத்தினேன், கேட்கவில்லை. கடைசியில் சந்து வழியாகக் கையை நீட்டி அவன் செருப்பைப் பிடுங்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அடைப்பை வெட்டி எடுத்தோம். வெயில் போகும்வரை அதே இடத்தைத் தேடித் துளைத்தோம். வளையத்தைப் பொருத்தினோம். கிரீஸ் வாசலைப் பார்த்துதான் நின்றான், பழக்கதோஷம்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்து அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார், ரொம்பப் பாராட்டினார். பிறகு டார்ச் அடித்துக் குதிகால் பக்கம் குனிந்தார். நான் இத்தனை காலம் குனியாத இடத்தில் அவர் வந்ததும் குனிந்தார்! "இந்தத் துளை குறிப்பேட்டுல இல்லையே சார்?" "இல்ல." "அடைச்சிருங்க. திங்கக்கிழமை எடுத்துக்கறோம்." "அடைக்க முடியாது." "ஏன் சார்? சின்ன வேலைதானே?" "அது வண்டியோட சேர்ந்தது" என்றேன். குறிப்பேட்டில் இல்லாதது வண்டியோடு சேர்ந்ததில்லை என்றார் அவர். என் மனைவி போட்ட துளை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, நீ கேட்டது ஒன்றே ஒன்று, பூசணி தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். அதை நானே கெடுத்துவிட்டேன். வேறு எவரும் இதை எடுத்துக்கொள்ளப்போவதில்லை. திரும்ப இரும்புக் கிடங்குக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. நிபந்தனை நிறைவேறவில்லை, நீ வரமாட்டாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. துளையை அடைத்தால் உன்னை இழக்கிறேன், அடைக்காவிட்டாலும் இழக்கிறேன். இதற்கு அந்த மின்கம்பிக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவில் இறக்குவது எவ்வளவோ சுலபம்.

நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை.

உன்,
நான்


ஜூலை 9

உங்களை என்ன செய்தால் தகும்?

நான் கேட்டது ஒன்று. ஒன்றே ஒன்று! அந்தப் பூதத்தை என் தோட்டத்திலிருந்து எடுங்கள் என்றேன். எடுக்க ஆளும் வந்தது, லாரியும் வரவிருந்தது. அதை என் பெயரைச் சொல்லியே தடுத்திருக்கிறீர்கள். இனிமேல் அது நிற்பதற்கு நான்தான் காரணம். யாராவது, "ஏம்மா இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் நானே வாயை மூடிக்கொள்ள வேண்டும். எப்போதும் இப்படித்தான். சண்டை போட்டால் சண்டையிலும் என்னை ஜெயிக்க விடமாட்டீர்கள்.

கடிதத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அக்கா, பெட்டிய எடுத்து வைக்கட்டா?" என்றாள். "யார் போறேன்னு சொன்னது?" என்றேன். அவள் பாட்டுக்குப் புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை. உங்கள் சகலை டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். எல்லோரும் சேர்ந்துகொண்டு என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வண்டி. வந்ததும் நான் பார்க்க வேண்டியவை: எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு. துணிக்கொடி அதன் பழைய இடத்தில். புது எலுமிச்சைக் கன்று, பூசணியின் நிழல் விழாத பக்கமாக. கிரீஸ் காலைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும், நீங்களும்தான்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பலகை எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும், எழுதாமல் இருக்கமாட்டீர்கள். அதில் கீழ் அறை என்று எழுதுங்கள், சரக்கறை என்று வேண்டாம். பக்கத்தில் ஒரு நர்ஸ் என்று மட்டும் போட்டால் போதும். பெயரெல்லாம் வேண்டாம், எனக்குக் கூச்சம்.

நாடி கிடைக்காமல் பயந்துபோனேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்தபோது நானும் பயந்துவிட்டேன். வந்ததும் பிடித்துப் பார்க்கிறேன். என்ஜினை அணைத்துவிட்டு.

துளை சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு பேரும் குத்துமதிப்பாகப் போட்டிருப்பீர்கள். வந்து நானே பார்க்கிறேன்.

மேட்ரன்


ஜூலை 27, ஞாயிறு
கீழ் அறையிலிருந்து மேல் அறைக்கு

காலையில் உங்கள் கணுக்காலில் இந்தக் கயிற்றைக் கட்டும்போது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தீர்கள். விளையாட்டில்லை. துளை ஒரு விரல் அளவு தள்ளிப் போய்விட்டது, ஆனாலும் கயிறு ஓடுகிறது. இந்தச் சீட்டைக் கயிற்றில் கட்டி அனுப்புகிறேன், மேலே இழுத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு மேலே ஏறிய அந்த இரண்டு பேரும் பாவம். நீங்கள் கார்புரேட்டரில் ஆரம்பித்து இன்னும் ஸ்டார்ட்டருக்கே வரவில்லை. ஒருவர் தன் கடிகாரத்தை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறாராம், வெளியே நிற்கும் கிரீஸ் சொல்கிறான். இங்கே கீழே, இந்த ரூமில் யார் இருப்பார்கள் என்று அன்றைக்குக் கேட்ட அந்த அம்மா மறுபடி வந்திருக்கிறார். பாட்டிலை எப்படி இடுக்கிக்கொள்வேன் என்று செய்து காட்டச் சொல்கிறார். காட்டிக்கொண்டிருக்கிறேன்.

டீ ஆறுகிறது. ஷூவின் குதிகால் இன்னும் தேய்ந்தேதான் இருக்கிறது, நாளைக்குத் தைக்கக் கொடுக்க வேண்டும்.

இப்போது இழுக்கப்போகிறேன். இரண்டு முறை.